மணிக்கட்டை அளக்கும் விரல்கள்: 15 வயதுப் பெண்ணின் உணவுக் கோளாறும் 40 வார சிபிடி சிகிச்சையும்

முதல் நாள் அவள் என்னிடம் பேசியது நாலைந்து வார்த்தைதான். மற்றதையெல்லாம் அம்மா சொன்னார். அம்மா சொல்லச் சொல்ல, இவள் வலது கைக் கட்டைவிரலையும் நடுவிரலையும் வளையமாக்கி இடது மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தாள். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொட்டன. வளையத்தை மெதுவாக முழங்கை பக்கம் நகர்த்தினாள். நுனிகள் பிரியும் இடம் வந்ததும் நிறுத்தி, அந்த இடத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே. 20 நிமிடத்தில் 11 தடவை. என் குறிப்பேட்டின் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடாகப் போட்டு எண்ணி வைத்தேன். அதை வைத்து என்ன செய்வது என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. நாலு மாதம் கழித்துத்தான் அந்தக் கோடுகளைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் ஒரு தவறையும் செய்திருந்தேன்.

வயது 15. நோய் அனோரெக்ஸியா நெர்வோசா: எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் உணவுக் கோளாறு. ஆரம்பித்து எட்டு மாதம்.

மேலே போகும் முன் ஒரு விஷயம். இது ஒரு தனி ஆளின் கதை அல்ல. சிகிச்சைக்கு வந்த சிலரின் அனுபவங்களைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி, ஒரே பெண்ணாக எழுதுகிறேன். அவளுடைய எடை எத்தனை கிலோ, ஒரு நாளைக்கு எத்தனை கலோரி சாப்பிட்டாள், எவ்வளவு நேரம் உடற்பயிற்சி செய்தாள் ஆகிய மூன்றையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இதே நோயோடு இருக்கும் ஒரு பிள்ளை இதைப் படித்தால், அந்த எண்கள் அவளுக்குத் தகவலாகப் போய்ச் சேராது. ‘என்னைவிட இவள் குறைச்சலா?’ என்ற போட்டியாகத்தான் போய்ச் சேரும்.

எப்படி ஆரம்பித்தது

‘ஆரோக்கியமா சாப்பிடப் போறேன்’ என்றுதான் ஆரம்பித்திருக்கிறாள். முதலில் இனிப்பை விட்டாள், அப்புறம் எண்ணெயில் பொரித்ததை, அப்புறம் இரவுச் சாப்பாட்டை. கடைசியில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டாள். முதல் இரண்டு மாதம் எல்லோரும் பாராட்டினார்கள். இந்த நோயின் தொடக்கத்தில் பாராட்டு இல்லாத கதையை நான் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன்.

ஆறாவது மாதம் மாதவிடாய் நின்றது. உள்ளங்கை எப்போதும் சில்லென்று இருந்தது. முதுகில் பூனைமுடி போல மெல்லிய ரோமம் வளர்ந்தது. தோழிகளின் போனை எடுக்கவில்லை. பாட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டாள். ஆனால் ராத்திரி ஒரு மணி வரை சமையல் வீடியோ பார்த்தாள். வீட்டில் எல்லோருக்கும் கேக் செய்து கொடுத்தாள், தான் ஒரு துண்டுகூடத் தொடாமல். அம்மாவுக்குப் புரியாமல் போனது இதுதான்: “சாப்பாடே பிடிக்காதவ ஏன் மேடம் நாள் பூரா சாப்பாட்டையே பார்த்துட்டு இருக்கா?”

பேச்சுச் சிகிச்சையைத் தொடங்கும் முன் உடம்பைப் பார்க்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது. மனநோய்களிலேயே அதிகம் உயிரைப் பறிப்பவற்றில் அனோரெக்ஸியாவும் ஒன்று. குழந்தை மருத்துவர் நாடி, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், இ.சி.ஜி., ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் பார்த்தார். இளம் வயதினருக்கு விழித்திருக்கும்போது நாடி 50-க்குக் கீழே போனால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இவளுக்கு 54. எடை, அவள் வயதுக்கும் உயரத்துக்கும் உரிய நடுமட்ட பி.எம்.ஐ.யில் (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) ஏறக்குறைய 80 சதவீதம். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. அப்பா அந்தக் காகிதத்தைக் காட்டி, “அப்போ பெரிசா ஒண்ணும் இல்லையே?” என்றார். பட்டினியோடு ஒத்துப்போக உடம்பு கடைசி வரை முயற்சி செய்யும், ரத்தம் சரியாக இருப்பதால் நோய் லேசானது என்று ஆகிவிடாது என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு சாப்பாட்டைக் கூட்டும்போது ரத்தத்தில் பாஸ்பேட் திடீரென்று சரியலாம், அது இதயத்தையே பாதிக்கும். அதனால் முதல் சில வாரங்கள் ரத்தப் பரிசோதனை தொடர்ந்தது.

ஏன் சிபிடி

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி, இந்த வயதில் அனோரெக்ஸியாவுக்கு முதலில் குடும்ப சிகிச்சையைப் பரிசீலிக்கச் சொல்கிறது. லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான வழி அது: நோயையும் பிள்ளையையும் தனித்தனியாகப் பார்ப்பது, சாப்பாட்டுப் பொறுப்பை சில மாதங்களுக்குப் பெற்றோர் கையில் கொடுப்பது. அது ஒத்துவராதபோது, அல்லது பலன் தராதபோது, தனிநபர் சிபிடியைப் பரிசீலிக்கலாம். நோயைத் தக்கவைக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சைதான் சிபிடி.

இந்தக் குடும்பம் அதை முயன்று பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தது. இரண்டு மாதம். அம்மாவே பல வருடமாகக் கடுமையான டயட்டில் இருப்பவர்; மகளின் தட்டில் என்ன வைக்க வேண்டும் என்று வரும்போது அவர் கை நடுங்கியது. ஒவ்வொரு வேளையும் சண்டையில் முடிந்தது. தட்டு சுவரில் உடைந்த நாளில் மூன்று பேருமே ‘இனிமேல் முடியாது’ என்றார்கள். அந்தச் சிகிச்சை பல வீடுகளில் நன்றாக வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். இந்த வீட்டில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் எடுத்துக்கொண்டது சிபிடி-இ என்ற வடிவம். ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்னும் அவருடைய சகாக்களும் பெரியவர்களுக்காக உருவாக்கியது; இளம் வயதினருக்கு ஏற்றபடி அதை மாற்றி அமைத்ததில் இத்தாலியின் ரிக்கார்டோ டல்லே கிராவேக்குப் பெரிய பங்கு உண்டு. எடை மிகவும் குறைந்தவர்களுக்கு 40 வாரத்தில் 40 அமர்வுகள், தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு. குடும்ப சிகிச்சையிலிருந்து அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம்: இங்கே நோயை வெளியிலிருந்து வந்த பகையாகச் சித்தரிப்பதில்லை. எது இந்த நோயை ஓடவைத்துக்கொண்டிருக்கிறது என்பதை அந்தப் பெண்ணே கண்டுபிடித்து, அவளே அதை நிறுத்த வேண்டும். நாங்கள் கூட இருப்போம்.

ஒரு காகிதம், அவள் வார்த்தைகள்

இரண்டாவது அமர்வில் மேசை மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்தோம். நோய் எப்படிச் சுற்றுகிறது என்பதைப் படமாக வரைவது வழக்கம். அதில் என் வார்த்தை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி. மேலே, நடுவில் என்ன எழுதலாம் என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்துவிட்டு எழுதினாள்: ‘எடை சரியா இருந்தா நான் சரி.’

இந்த நோயின் வேர் அந்த ஒரு வரிதான். எல்லோரும் தங்களை எடைபோட்டுப் பார்க்கத்தான் செய்கிறோம். படிப்பு, நட்பு, குடும்பம், திறமை என்று பல தராசு வைத்திருக்கிறோம். இவளிடம் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த வரியிலிருந்து கீழே அம்புக்குறி: கடுமையான சாப்பாட்டு விதிகள், மூடிய அறையில் உடற்பயிற்சி. அதிலிருந்து அடுத்த அம்பு: எடை குறைவு. அதிலிருந்து: எப்போதும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், தனிமை. அங்கே நிறுத்திவிட்டாள். ‘இதுக்கு மேல அம்பு எங்க போகும்?’ என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் 1944-ன் மின்னசோட்டா ஆய்வைப் பற்றிச் சொன்னேன். ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, உடலும் மனமும் ஆரோக்கியமாக இருந்த 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். போரால் பட்டினி கிடந்தவர்களைத் திரும்ப எப்படிச் சாப்பிட வைப்பது என்று கண்டுபிடிக்கத்தான். உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது. குளிர் தாங்கவில்லை. சிடுசிடுப்பானார்கள், மற்றவர்களை விட்டு விலகினார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லை. சின்னத் தட்டை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். சிலர் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். இதில் முக்கியமான விஷயம், ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை அவர்களில் ஒருவருக்கும் இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அன்றுதான் முதன்முறையாக என் கண்ணைப் பார்த்தாள்.

“ஆம்பளைங்களா? அவங்க ரெசிபி படிச்சாங்களா?”

“படிச்சாங்க.”

அடுத்த அமர்வுக்கு அவளே ஒரு தாளைக் கொண்டு வந்தாள். நடுவில் கோடு, ஒரு பக்கம் ‘நான்’, இன்னொரு பக்கம் ‘பசி’. தன் குணம் என்று அவள் நினைத்திருந்த பல விஷயங்கள் ‘பசி’ பக்கம் போயிருந்தன: குளிர், கோபம், யாரோடும் பேசப் பிடிக்காதது, தூக்கம் கெடுவது, சமையல் வீடியோ. காகிதத்தில் விடுபட்டுப் போன அம்பை அவளே வரைந்தாள், கீழிருந்து மேலே. பட்டினி கிடக்கக் கிடக்க உலகம் சுருங்குகிறது. சுருங்கிய உலகத்தில் எடை மட்டும்தான் பெரிதாகத் தெரிகிறது.

இந்த இடத்தில் நான் உறுதியாகச் சொல்வேன்: பட்டினியில் இருக்கும் மூளையோடு எண்ணங்களைப் பற்றி வாதாடி எந்தப் பிரயோஜனமும் இல்லை. எண்ணத்தை மாற்றினால் சாப்பிடுவாள் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். வரிசை தலைகீழ். முதலில் சாப்பாடு, எண்ணங்கள் அதற்குப் பிறகுதான் நெகிழும். ஆனால் அந்தச் சாப்பாட்டை யார் கையில் எடுப்பது? அதற்கு மட்டும் நாலு வாரம் ஆனது.

“நான் வேண்டாம்னு சொன்னா?”

“முடிவு நானே பண்ணலாமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “நான் வேண்டாம்னு சொன்னா?”

இங்கே பொய் சொல்லக் கூடாது. “உடம்பு ஆபத்துக்குப் போச்சுன்னா அப்புறம் முடிவு உன் கையிலயும் இல்லம்மா, என் கையிலயும் இல்ல. ஆஸ்பத்திரிதான். நாடி, எடை, ரத்தம், எதுல எந்த அளவு வந்தா அங்க போகணும்னு இப்பவே எழுதி வச்சுடலாம். அது வர்ற வரைக்கும் முடிவு உன்னோடது.” எழுதினோம். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

நோய் அவளுக்கு என்ன கொடுக்கிறது என்று பட்டியல் போடச் சொன்னேன். ‘கட்டுப்பாடு.’ ‘எல்லாரும் கவனிக்கிறாங்க.’ ‘பரீட்சை பயம் மறந்து போகுது.’ நான் ஒன்றையும் மறுக்கவில்லை; அவை எல்லாமே உண்மை. அப்புறம், 20 வயதில் எப்படி இருக்க ஆசை என்று கேட்டேன். வேறு ஊருக்குப் போய்த் தங்கிப் படிக்க வேண்டும் என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “இப்படியே இருந்தா தனியா அனுப்ப மாட்டாங்க, இல்ல?”

நாலாவது வாரக் கடைசியில் முடிவு சொன்னாள்: ஆறு வாரம் முயன்று பார்ப்பது. ‘குணமாகிறேன்’ என்று சொல்லவில்லை, ‘பார்க்கிறேன்’ என்றுதான் சொன்னாள். எனக்கு அது போதும். பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது இந்த நோயில் ஒன்றும் கஷ்டம் இல்லை, அது அவளுக்கும் தெரியும். முழுசாக இறங்கிப் பார்த்தால்தான் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியும்.

கடிகாரத்துக்குச் சாப்பிடுவது

மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டி, எந்த இடைவெளியும் நாலு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இந்தத் திட்டத்தைத் தாளில் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். அவளுக்கு ஒரு மலை. பசித்தால் சாப்பிடு, வயிறு நிறைந்தால் நிறுத்து என்ற அறிவுரை இங்கே செல்லாது. நெடுநாள் பட்டினியில் இரைப்பை காலியாவதே மெதுவாகிவிடும், நாலு வாயிலேயே வயிறு முட்டினாற்போல இருக்கும். அதனால் பசிக்காக அல்ல, கடிகாரத்துக்காகச் சாப்பிட வேண்டும், மருந்து சாப்பிடுவது போல.

சாப்பிட்டதை அப்போதே எழுத வேண்டும்: நேரம், என்ன, எங்கே, அப்போது மனதில் என்ன ஓடியது. முதல் வாரம் அவள் கொண்டுவந்த தாளில் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் எறும்பு எழுத்தில் கலோரி, தசம புள்ளியோடு. இந்தத் தாளில் கலோரிக்கு இடமில்லை என்றேன். கடைசிப் பத்திக்குத்தான் இடம் அதிகம், மனதில் ஓடியதற்கு. மூன்றாவது வாரத்துத் தாளில் ஓரம் காலியாக இருந்தது. கடைசிப் பத்தி இடம் போதாமல் பின்பக்கம் போயிருந்தது.

ஒரு நாள் அந்தத் தாளில் நட்சத்திரக் குறி, பக்கத்தில் ‘கட்டுப்பாடே இல்லாம தின்னுட்டேன்’. என்ன சாப்பிட்டாள் என்று பார்த்தால், நாலு பிஸ்கட். யார் பார்த்தாலும் அதிகம் இல்லை. ஆனால் கை மீறிப் போனது என்ற பயம் அவளுக்கு முழு உண்மை, அதைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. முந்தைய ஆறு மணி நேரம் அவள் ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது மேல் வரியில் இருந்தது. இரண்டு வரியையும் விரலால் தொட்டுக் காட்டினேன். அவளே சொன்னாள், “நடுவுல ஒண்ணை விட்டுட்டேன்.”

எடையை வாரத்துக்கு ஒரு தடவை மட்டும், அமர்வில், இருவரும் சேர்ந்து பார்ப்போம். வீட்டில் இருந்த எடை மெஷினை அப்பா அலுவலகத்துக்கு எடுத்துப் போய்விட்டார். அதுவரை ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை ஏறிக்கொண்டிருந்தாள். தண்ணீரும் மலச்சிக்கலுமே முள்ளை மேலும் கீழும் ஆட்டும், அதனால் ஒரு புள்ளியை வைத்து எதுவும் பேசுவதில்லை. நாலு வாரப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்போம். வாரத்துக்கு சராசரியாக அரை கிலோ ஏற வேண்டும் என்பது இலக்கு. அதற்கு எடையைத் தக்கவைக்கத் தேவையானதற்கு மேல் தினமும் ஏறக்குறைய 500 கலோரி வேண்டும். இந்தக் கணக்கை நான் வைத்துக்கொண்டேன். அவளிடம் உணவாக மட்டும் பேசினேன். அதே வயிற்றில் கூடுதலாக எதையும் திணிக்க முடியாதபோது கெட்டியான பால் பானம் கை கொடுத்தது.

ஆறு வாரம் முடிந்தது. இன்னும் ஆறு வாரம் கேட்டாள்.

நின்றுபோன கோடு

14-வது வாரத்தில் கோடு படுத்தது. 15, 16, 17 எல்லாம் அப்படியே. தாளில் பார்த்தால் எல்லா வேளையும் சாப்பிட்டிருக்கிறாள். உடம்பு சூடேற ஆரம்பித்தால் அது செலவழிக்கும் சக்தி கூடும், அதனால் இன்னும் சாப்பாடு தேவை என்று நினைத்து, திட்டத்தில் ஒரு சிற்றுண்டியைக் கூட்டினேன். அடுத்த வாரம் எடை இறங்கியது.

என் தவறு அதுதான். அவளிடம் கேட்பதற்குப் பதிலாக நான் கணக்குப் போட்டேன். அவள் கையில் கொடுத்த விஷயத்தை, கோடு நின்றதும் பயந்து, பிடுங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி பழைய குறிப்புகளைப் புரட்டும்போது முதல் நாள் ஓரத்தில் போட்ட 11 கோடுகள் கண்ணில் பட்டன.

அடுத்த அமர்வில், கூட்டியதை எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டேன். ஒரு பள்ளி நாளும் ஒரு விடுமுறை நாளுமாக இரண்டு நாளுக்கு, உடம்பைப் பார்க்கிற, தொடுகிற, அளக்கிற ஒவ்வொரு தடவையும் குறித்து வரச் சொன்னேன். விடுமுறை நாளின் தாள் பாதியிலேயே முடிந்திருந்தது: ‘60-க்கு மேல. எண்ணுறத விட்டுட்டேன்.’ மணிக்கட்டு, தோள் எலும்பு, உட்கார்ந்தால் தொடை, போகிற வழியில் இருக்கும் ஒவ்வொரு கண்ணாடிச் சன்னல். அதன் பக்கத்திலேயே இன்னொன்றும் எழுதியிருந்தாள், கேட்காமலே. விரல் நுனிகள் முன்பு பிரிந்த இடத்துக்கு முன்னாலேயே பிரிந்தால், அடுத்த சிற்றுண்டி குப்பைக்குப் போகும். கதவைப் பூட்டிக்கொண்டு உடற்பயிற்சி நடக்கும். தாளில் ‘சாப்பிட்டேன்’ என்று இருக்கும்.

அவள் பொய் சொன்னாள் என்று நான் பார்க்கவில்லை. அந்த வளையம் அவளுக்கு நீதிபதி. தீர்ப்பு வந்த பிறகு என் திட்டமெல்லாம் எங்கே நிற்கும்?

அடிக்கடி அளப்பது ஏன் நிம்மதி தருவதில்லை என்று இருவரும் யோசித்தோம். குறை தேடிப் பார்க்கிறவர் கண்ணில் குறைதான் படும். ஒரே இடத்தை உற்றுப் பார்த்தால் அது பெரிதாகிக்கொண்டே போகும். விரலின் அழுத்தம், அன்றைய நீர் என எதுவும் அந்த வளையத்தை மாற்றும், அது அளவுகோலே அல்ல. எடை திரும்பும் மாதங்களில் வயிறு உப்பினாற்போல இருப்பதும் அப்படித்தான். அது சாப்பிட்டதற்கு வந்த தண்டனை அல்ல. சரி, இதையெல்லாம் புரிந்துகொண்டாள். ஆனால் புரிந்துகொண்டதால் விரல்கள் நின்றுவிடவில்லை. இரண்டாகப் பிரித்தோம்: மணிக்கட்டை, எலும்பை அளப்பதை முழுவதுமாக நிறுத்துவது, கண்ணாடி பார்ப்பதைக் குறைத்து, பார்க்கும் முன் ‘எதுக்காகப் பார்க்கிறேன்?’ என்று கேட்டுக்கொள்வது. முதல் நாலு நாள் பதற்றம் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாள். ஐந்தாம் நாள் தானாகத் தணிந்ததையும் எழுதியிருந்தாள்.

மற்றவர்களோடு ஒப்பிடுவது இன்னும் தந்திரமான விஷயம். தெருவில் போனால் இவள் கண் மெலிந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கும். அதனால் ஒரு சோதனை: எதிரே வருபவர்களில் ஒவ்வொரு மூன்றாவது ஆளையும், யாராக இருந்தாலும், பார்க்க வேண்டும். திரும்பி வந்து, “எல்லா மாதிரியும் இருக்காங்க” என்றாள், ஏதோ புதுச் செய்தி போல. அவளுக்கு அது புதுச் செய்திதான்.

20-வது வாரம் கோடு மறுபடி ஏறத் தொடங்கியது.

‘குண்டா இருக்கேன்’ என்பதன் பின்னால்

‘குண்டா இருக்கேன்னு தோணுது’ என்ற வரி அவளுடைய தாள்களில் வாரத்துக்கு ஏழெட்டு இடத்தில் வரும். உடம்பின் வடிவம் ஒரே நாளில் மாறிவிடாது. ஆனால் இந்த உணர்வு காலையில் இல்லாமல் மாலையில் வரும். அப்படியானால் இது உடம்பைப் பற்றிய செய்தியாக இருக்க முடியாது. அது உச்சத்தில் வந்த நேரங்களைக் குறித்து, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று தேடினோம். ஒரு தடவை, தோழி பதில் அனுப்பாதது. ஒரு தடவை, இறுக்கமான சீருடை. இரண்டு தடவை, வீட்டில் அப்பாவும் அம்மாவும் தணிந்த குரலில் சண்டை போட்டது. வருத்தம், எரிச்சல், தனிமை, களைப்பு எல்லாம் ஒரே பெயரில் வந்துகொண்டிருந்தன. பெயர் மாறினால் செய்ய வேண்டிய காரியமும் மாறும். தோழி பதில் போடவில்லை என்றால் போன் பண்ணலாம். அதற்குச் சாப்பாட்டைக் குறைப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

சாக்லெட் பயத்துக்கும் சோதனைதான் வழி. ஒரு வாரத்தில் மூன்று நாள் சாப்பிட்டால் இரண்டு கிலோ ஏறும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த வாரம் ஏறியது 400 கிராம், அதற்கு முந்தைய வாரங்களில் ஏறியதைப் போலத்தான். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த ஒரே தராசுக்குப் பக்கத்தில் வேறு தராசுகளை வைக்க வேண்டிய வேலையும் இருந்தது. ஒரு வட்டத்தை வரைந்து தன்னை மதிப்பிடும் விஷயங்களைத் துண்டு போட்டபோது, முக்கால் வட்டம் உடம்புக்கே போயிருந்தது. அதைச் சுரண்டிச் சிறிதாக்குவதைவிட மற்ற துண்டுகளை வளர்ப்பது சுலபம். பாட்டுக் குழுவுக்குத் திரும்பினாள். முதல் நாள் மூச்சு பிடிக்கவில்லை என்று அழுதாள். இரண்டு மாதத்தில் பிடித்தது.

பெற்றோர்

தொடக்கத்தில் பெற்றோரோடு மட்டும் ஒரு முழு அமர்வு, அப்புறம் சிகிச்சைக் காலம் முழுவதற்கும் சேர்த்து ஆறு தடவை, அவளுடைய அமர்வு முடிந்ததும் அவளையும் வைத்துக்கொண்டு 15, 20 நிமிடம். என்ன பேசப்போகிறோம் என்பதை அவள்தான் முன்கூட்டியே முடிவு செய்வாள்.

அவள் கேட்ட முதல் உதவி ஒரு வார்த்தையைப் பற்றியது. எடை ஏற ஏற, பார்க்கிறவர்கள் எல்லாம் சந்தோஷமாக “நல்லா தேறிட்டே” என்றார்கள். சொன்னவர்கள் மனதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அவள் காதில் அது ‘குண்டாயிட்டே’ என்று விழுந்தது. அந்த வார்த்தை விழுந்த இரண்டு நாளிலும் இரவுச் சாப்பாடு நின்றிருந்தது. உடம்பைப் பற்றி நல்லதோ கெட்டதோ எதுவுமே சொல்ல வேண்டாம், யாருடைய உடம்பைப் பற்றியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அம்மா ரொம்ப நேரம் தலையைக் குனிந்திருந்தார். “நான் என்னைப் பத்திச் சொல்றதும் சேர்த்தா?” என்றார். “அதுதான்மா முதல்ல” என்றாள் மகள். அதன் பிறகு அம்மாவும் தனக்கென்று ஒரு மருத்துவரைப் பார்க்கப் போனார். அது இந்தச் சிகிச்சையின் பகுதி அல்ல, ஆனால் அது நடக்காமல் இருந்திருந்தால் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை மாறியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பலனும் மிச்சமும்

36-வது வாரத்தில் எடை நடுமட்டத்தின் 97 சதவீதத்துக்கு வந்தது. 38-வது வாரம் மாதவிடாய் திரும்பியது. உணவுக் கோளாறின் எண்ணங்களை 0 முதல் 6 வரை அளக்கும் இ.டி.இ.-கியூ படிவத்தில் மொத்த மதிப்பெண் 4.8-லிருந்து 1.4-க்கு இறங்கியது, உடல் வடிவக் கவலை என்ற பகுதி மட்டும் 2.3-ல் நின்றது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அனோரெக்ஸியாவில் எடையை நம்பகமாகத் திருப்பித் தரும் மருந்து இல்லை. எலும்பு அடர்த்தி சோதனையில் கொஞ்சம் குறைவு தெரிந்தது. அதைக் குழந்தை மருத்துவர் தொடர்ந்து பார்க்கிறார். பலர் கூடி இருக்கும் இடத்தில் சாப்பிடுவது அவளுக்கு இன்னும் கஷ்டம்தான்.

ஒரே நிகழ்வை வைத்து எந்தச் சிகிச்சையையும் சிபாரிசு செய்ய முடியாது. இத்தாலியில் டல்லே கிராவே குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வில், அனோரெக்ஸியாவோடு வந்த இளம் வயதினரில் மூன்றில் இரண்டு பங்கினர்தான் 40 அமர்வுகளையும் முடித்தார்கள். முடித்தவர்களுக்கு நல்ல பலன். மீதி ஒரு பங்கை மறக்கக் கூடாது. எந்தச் சிகிச்சை என்று குடும்பங்களே தேர்ந்தெடுத்த, 2020-ல் வெளியான இன்னொரு ஆய்வில், எடை குறைந்த பிள்ளைகளுக்குக் குடும்ப சிகிச்சையில் எடை வேகமாக ஏறியது. சிகிச்சை முடிந்த பிறகான தொடர் ஆய்வில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. உடம்பு அவசரத்தில் இருந்தால் அந்த வேகம் முக்கியம், நானும் முதலில் குடும்ப சிகிச்சையைத்தான் சொல்வேன். இவளுக்குச் செய்ததையே மறுபடி செய்யச் சொன்னால், உடம்பை அளப்பதைப் பற்றி ஆறாவது வாரத்திலேயே கேட்பேன். மூன்று மாதத்தை நாங்கள் அதில் இழந்தோம்.

கடைசி அமர்வுகளில் ஒரு பக்கத் திட்டம் எழுதினோம், அவள் கையெழுத்தில். சறுக்கலுக்கும் முழுசாகத் திரும்பிப் போவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு, சறுக்கினால் முதல் நாள் என்ன செய்வது. எச்சரிக்கை அடையாளங்களில் முதல் வரி ‘கை’. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். எங்கள் இருவருக்கும் அது போதும்.

20 வாரம் கழித்து மறுபார்வைக்கு வந்தாள். பாட்டுப் போட்டி, வரப்போகும் பரீட்சை, தம்பியோடு நடந்த ஒரு சண்டை என்று நிறையப் பேசினாள். பேச்சின் நடுவே வலது கை இடது மணிக்கட்டுக்குப் போனது. விரல்கள் மூடும் முன்பே பார்த்துவிட்டாள். கையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, “நேத்து சாயங்காலம் சிற்றுண்டியை விட்டுட்டேன் மேடம்” என்றாள். “பரீட்சை அட்டவணை வந்துச்சு. இன்னைக்குக் காலையில வழக்கம் போல சாப்பிட்டேன்.” பையிலிருந்து அந்தத் திட்டத்தை எடுத்தாள். மடிப்புகளில் கிழிய ஆரம்பித்திருந்தது. புதிதாக ஒன்று எழுதிக்கொள்ள என்னிடம் காகிதம் கேட்டாள்.